சூடானால் மட்டும் ஏறி இறங்கிய ஐடிலிங்: எங்கே ஏர் இழுத்தது என்று தேடிய கதை

வண்டி 2000களின் தொடக்கத்தில் வந்த நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். கார்புரேட்டர் போய், இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சுகிற எம்பிஎஃப்ஐ வந்த காலத்தது. காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டிலைக் கேபிள்தான் இழுக்கும், உள்ளே போகிற காற்றைக் கணக்குப் பார்க்க மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாயில்) அழுத்தத்தை அளக்கிற ஒரு மேப் சென்சார். ஐடிலிங் என்பது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகம். காலையில் செல்ஃப் எடுத்தால் ஒரு குறையும் தெரியாது, 1,500 ஆர்பிஎம்மில் ஆரம்பித்து மெல்ல இறங்கும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் ஆட்டம் ஆரம்பித்துவிடும். தானாக 1,800 வரை ஏறும், பட்டென்று 1,200க்கு விழும், திரும்ப ஏறும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் உட்கார்ந்திருப்பேன், வண்டி மட்டும் ரேஸ் ஆகிக்கொண்டே இருக்கும்.

கேட்ட இடத்தில் எல்லாம் ஆளுக்கொரு பார்ட் சொன்னார்கள். ஒருவர் ஐடிலுக்கான காற்றைக் கட்டுப்படுத்துகிற ஐஏசி வால்வை மாற்றச் சொன்னார், இன்னொருவர் த்ராட்டில் பொசிஷன் சென்சார், மூன்றாமவர் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவே போயிருக்கும் என்றார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்ததுமே ஸ்க்ரூ டிரைவரோடு த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூ பக்கம் கை போனது, நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஸ்க்ரூ கார்புரேட்டரில் ஸ்லோ ஸ்பீடு வைக்கிற ஸ்க்ரூ மாதிரி கிடையாது. த்ராட்டில் தட்டு மூடும்போது சுவரில் கடித்துக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஒருமுறை வைத்து பெயின்ட் அடித்து விடுகிற அளவு அது. அதைத் திருப்பினால் த்ராட்டில் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்கிற தகவலே ஈசியூவுக்குத் தப்பாகப் போகும். அப்புறம் அசல் கோளாறு எது, நாம் புதிதாக உண்டாக்கினது எது என்று பிரிக்க முடியாது. என் வண்டியில் அந்த மஞ்சள் பெயின்ட் இன்னும் உடையாமல் இருந்தது, அதனால் இதுவரை யாரும் அதைத் தொடவில்லை என்பதும் உறுதியானது.

காவேரிப்பட்டணத்தில் ஜீப், மெட்டடார் காலத்திலிருந்து வேலை பார்க்கிற ஒரு மெக்கானிக் இருக்கிறார். வண்டியைச் சூடாக விட்டு அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "தம்பி, பார்ட்டு எதுவும் வாங்காதே. எங்கியோ ஏர் இழுக்குது" என்றார். "செக் இன்ஜின் லைட்டு எரியலையேண்ணா" என்றேன். "லைட்டு ஒயரு கெட்டாத்தான் எரியும், டியூபு கெட்டா எப்படி எரியும்?" என்றார். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு வீட்டில் நானே தேட ஆரம்பித்தேன்.

தேடுவதற்கு முன்னால் அந்த ஏற்ற இறக்கம் எப்படி வருகிறது என்பது புரிய வேண்டும், அது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் இன்ஜினை ஐடிலில் நிறுத்துவது பெட்ரோல் அளவு என்பதைவிடக் காற்றின் அளவு என்றே சொல்ல வேண்டும். த்ராட்டில் மூடியிருக்கும்போது அதைச் சுற்றிப் போகிற ஒரு சின்னப் பாதை வழியாகக் காற்றைக் கூட்டிக் குறைப்பதுதான் ஐஏசி வால்வின் வேலை. எங்கோ ஒரு டியூப் வெடித்துக் காற்று கூடுதலாக நுழைந்தால் மேனிஃபோல்டில் அழுத்தம் கூடும், மேப் சென்சார் அதையும் பார்க்கும், ஈசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கும், ஆர்பிஎம் ஏறும். இறக்குவதற்காக ஈசியூ ஐஏசியை மூடிக்கொண்டே வரும். முழுக்க மூடியும் ஆர்பிஎம் இறங்கவில்லை என்றால் அதன் கையில் வேறு பிடி இல்லை.

இப்போது இன்னொரு விதி குறுக்கே வருகிறது. த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் ஒரு எல்லைக்கு மேலே இருக்கிறது. ஈசியூவின் கணக்குப்படி இது ஒரே ஒரு நிலைமையில்தான் வரும்: வண்டி கியரில் இருந்தபடி இறக்கத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கினால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடுமே, அதே விதிதான். அந்த இறக்கத்தில் நியூட்ரலில் வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கியரில் வந்தால்தான் பெட்ரோல் சுத்தமாக நிற்கிறது, இன்ஜின் பிரேக்கும் கிடைக்கிறது. சரி, நின்ற இடத்தில் 1,800 ஓடுகிற என் வண்டியிலும் ஈசியூ அப்படியே நினைத்து பெட்ரோலை வெட்டியது, ஆர்பிஎம் விழுந்தது, 1,200 வந்ததும் இன்ஜின் ஆஃப் ஆகிவிடக் கூடாதே என்று திரும்பக் கொடுத்தது, கூடுதல் காற்று காத்திருந்ததால் மறுபடி ஏறியது. ஆக, அந்த ஆட்டம் கெட்டுப்போன சென்சாரின் தடுமாற்றம் அல்ல. எல்லா சென்சாரும் உண்மையைச் சொல்கின்றன, ஈசியூவும் தன் விதிப்படி நடக்கிறது, அது கேட்காத காற்று ஒன்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

குளிர்ந்த இன்ஜினில் ஏன் ஆட்டம் இல்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. குளிரில் ஈசியூ விரும்புகிற ஐடிலே 1,500 பக்கம், பெட்ரோலை வெட்டுகிற எல்லையும் அப்போது உயரத்தில் இருக்கும். கூடுதல் காற்று அந்தத் தேவைக்குள் ஒளிந்துகொள்ளும். சூடாகி, வேண்டிய ஐடில் 850க்கு இறங்கும்போதுதான் மிச்சக் காற்று வெளியே தெரிகிறது. இதை உறுதிப்படுத்த ஒரு சுலபமான வழி ஏசியைப் போட்டுப் பார்ப்பது. கம்ப்ரசர் பாரம் விழுந்ததும் ஆர்பிஎம் 1,200க்குக் கீழே வந்து நிலையாக நின்றது, ஏசியை அணைத்ததும் திரும்ப ஆட்டம். பாரம் ஏற்றினால் அடங்குகிற ஐடில் என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஏர் லீக் மேல்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மேப் சென்சாருக்குப் பதிலாக ஏர் ஃபில்டர் பக்கத்தில் காற்றின் ஓட்டத்தையே அளக்கிற மீட்டர் உள்ள வண்டியில் இதே லீக் வேறு மாதிரி தெரியும். அங்கே மீட்டரைத் தாண்டி நுழைந்த காற்று கணக்கில் வராது, பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் உதறும், மிஸ்ஸிங் ஆகும், ஆஃப் கூட ஆகிவிடும். அதனால் உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிப்படைச் சோதனைகளைச் சீக்கிரமே முடித்தேன். ஸ்கேனர் மாட்டிக் கோளாறைப் படிக்கிற ஓபிடி என்பது நம் நாட்டில் பிஎஸ்-4 புகை விதிகளோடு 2010க்குப் பிறகு கட்டாயமானது, இந்த வயது வண்டியில் மலிவான ப்ளூடூத் ஸ்கேனர் பேசாது. டயாக்னோசிஸ் கனெக்டரில் இரண்டு பின்னை ஒயரால் இணைத்து லைட் மினுக்குவதை எண்ணுகிற பழைய முறைதான், அதில் கோளாறைக் குறிக்கிற எண் எதுவும் வரவில்லை. பேட்டரி டெர்மினலில் இன்ஜின் ஓடும்போது 14.1 வோல்ட், எர்த் ஒயரில் துரு இல்லை. த்ராட்டில் பொசிஷன் சென்சார் மூடிய நிலையில் 0.5 வோல்ட், மெதுவாகத் திறந்தால் எங்கேயும் குதிக்காமல் 4 வோல்ட்டைத் தாண்டி ஏறியது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் குளிர்ந்தபோது 2 கிலோ ஓமுக்கு மேல், நன்றாகச் சூடானபோது 300 ஓம் பக்கம், அதுவும் சரி. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கிரானைட் தூள் கொட்டியது. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கல் அறுக்கிற, பாலீஷ் போடுகிற பட்டறைகள் இருக்கிற ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது. மாற்றினேன். ஐடிலில் அதனால் எந்த வித்தியாசமும் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

கூலன்ட் அளவையும் பார்த்தேன், அதற்குக் காரணம் உண்டு. இந்தக் கால வண்டிகள் சிலவற்றில் த்ராட்டில் பாடியின் அடியில் மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு இருக்கும், குளிரில் திறந்திருந்து கூடுதல் காற்று விடும், கூலன்ட் சூட்டில் மெழுகு விரிந்து மூடிக்கொள்ளும். ரேடியேட்டரில் கூலன்ட் குறைந்து அந்த ஓஸில் ஏர் லாக் ஆகிவிட்டால் வால்வுக்குச் சூடு போகாது, மூடாது, அச்சு அசலாக இதே கம்ப்ளைன்ட் வரும். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றியே ஓட்டுகிற பழைய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். என் வண்டியில் அளவு சரியாக இருந்தது, த்ராட்டில் பாடிக்குப் போகிற இரண்டு ஓஸும் தொட முடியாத சூடு.

அப்புறம் விரல் சோதனை. இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் சந்தேகத்தில் இருக்கிற பார்ட்களில் பாதியை இதுவே விடுவித்துவிடும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, துப்பட்டா, தொளதொளச் சட்டைக் கை எதுவும் ஃபேன் பக்கம் போகாதபடி பார்த்துக்கொண்டு, ஏர் ஃபில்டரிலிருந்து த்ராட்டிலுக்கு வருகிற ரப்பர் பைப்பைக் கழற்றினேன். மேப் சென்சார் வண்டி என்பதால் பைப் இல்லாமலும் இன்ஜின் ஓடும். த்ராட்டில் தட்டுக்கு முன்னால் சுவரில் இரண்டு ஓட்டைகள் தெரியும். ஒன்று ஐஏசிக்குப் போவது, இன்னொன்று மெழுகு வால்வுக்கு. சூடான இன்ஜினில் மெழுகு வால்வு ஓட்டையில் விரலை வைத்தால் உறிஞ்சல் இருக்கக் கூடாது, இல்லை. ஐஏசி ஓட்டையை விரலால் முழுக்க அடைத்தேன். நல்ல இன்ஜின் என்றால் அதோடு திணறி ஆஃப் ஆகிற அளவுக்கு வர வேண்டும். என் வண்டியில் ஒன்றுமே மாறவில்லை, ஆட்டம் அப்படியே தொடர்ந்தது. இரண்டு ஓட்டையும் அடைபட்டு, தட்டும் மூடியிருக்க, இன்ஜின் 1,800க்கு ஏறுகிறது என்றால் அந்தக் காற்று த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம்தான் எங்கோ நுழைகிறது. ஐஏசி வால்வு வாங்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டிருந்தால் சில ஆயிரம் ரூபாய் வீண்.

மேனிஃபோல்டில் வந்து சேர்கிற டியூப்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். மெக்கானிக் அண்ணா இதையும் சொல்லியிருந்தார்: "கண்ணால பாத்தா எல்லா டியூபும் நல்லாத்தான் தெரியும், மடக்கிப் பாரு." கட்டிங் பிளேயர் வாயில் துணி சுற்றிக்கொண்டு, டியூப் கிழியாத அளவு அழுத்தி. பிரேக் மிதிக்க உதவுகிற பூஸ்டரின் ஓஸை மடக்கினால் மாற்றம் இல்லை, பிரேக்கை மிதித்துப் பிடித்தாலும் மாற்றம் இல்லை, ஆகவே பூஸ்டர் உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) நன்றாக இருக்கிறது. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகிற மெல்லிய டியூபைக் கழற்றி முகர்ந்தேன், பெட்ரோல் வாசம் இல்லை, ஆகவே ரெகுலேட்டர் உள்ளே கசியவில்லை. டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கிற கேனிஸ்டரின் டியூபிலும் ஒன்றும் இல்லை. இன்ஜினுக்குள் சேர்கிற ஆயில் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கிற பிசிவி ஓஸை மடக்கியபோது ஆர்பிஎம் ஒரு நூலளவு குறைந்தது, அது எந்த வண்டியிலும் குறைவதுதான், ஆட்டம் நிற்கவில்லை.

மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளக்கிற வேக்குவம் கேஜும் மாட்டிப் பார்த்தேன். கடல் மட்டத்தில் நல்ல இன்ஜினுக்கு ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) வரும், ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 1,500 அடிக்கு மேல், ஓசூர் 3,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு. சென்னையில் 19 காட்டுகிற இன்ஜின் ஓசூரில் 16 காட்டினால் யாரும் பயப்பட வேண்டாம். என் கேஜில் முள் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஆடியதே தவிர, தனியாக எந்தத் தகவலும் தரவில்லை. இந்த வகை வண்டியில் லீக் இருந்தால் வேக்குவம் குறைந்து காட்டுவதற்குப் பதில் இன்ஜின் வேகம் கூடிவிடுகிறது, அதனால் கேஜை மட்டும் நம்பித் தேட முடியாது.

கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரேயை மேனிஃபோல்டைச் சுற்றி அடித்தால் லீக் இருக்கிற இடத்தில் ஆர்பிஎம் மாறும் என்று பலரும் செய்கிறார்கள். வேலை செய்கிற முறைதான். ஆனால் சூடான சைலன்சர் மேனிஃபோல்ட் ஒரு சாண் தள்ளி இருக்கிறது, ஸ்பார்க் ஒயர்களுக்கும் வயது ஆகிவிட்டது, தீப்பிடித்தால் அணைக்கப் பக்கத்தில் ஆளும் இல்லை. நான் அதைத் தொடவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுச் சோப்புத் தண்ணீர் முறைக்குப் போனேன்.

இதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடி, பழைய சைக்கிள் டியூப் துண்டு, அந்த டியூபிலேயே இருந்த வால்வு. மூடியில் ஓட்டை போட்டு வால்வை நட்டு போட்டு இறுக்கி, ஓரத்தில் டியூப் ரப்பரைச் சுற்றி, த்ராட்டிலுக்கு வருகிற பைப்பின் ஃபில்டர் பக்க வாயில் நுழைத்துக் கிளிப் போட்டேன். அந்தப் பைப்பில் வந்து சேர்கிற பிரீதர் ஓஸைக் கழற்றி இரண்டு பக்கமும் அடைத்தேன், இல்லாவிட்டால் காற்று இன்ஜின் ஆயில் பக்கம் போய் சீல்களைத் தள்ளும். த்ராட்டில் கேபிளை லேசாக இழுத்து ஒரு கட்டை கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி சைக்கிள் பம்பை அடிக்க, நான் ஸ்ப்ரே பாட்டிலில் கலக்கி வைத்த சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் அடித்துக்கொண்டே போனேன். இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றவே கூடாது. திறந்திருக்கிற வால்வு வழியாகக் காற்று சிலிண்டருக்குள்ளும் போகும் என்பதால் அழுத்தம் நிற்காது, நிற்க வேண்டியதும் இல்லை, அடிக்க அடிக்க நுரை வருகிறதா என்பதுதான் பார்வை.

மேனிஃபோல்ட் பேக்கிங் ஓரம் முழுக்க அடித்தேன், இல்லை. இன்ஜெக்டர் அடியில் இருக்கிற ஓரிங், இல்லை. மேப் சென்சார் டியூப், இல்லை. "அண்ணா, பின்னாடி என்னமோ புஸ்ஸுங்குது" என்று பம்பை நிறுத்திவிட்டு அந்தத் தம்பிதான் சொன்னான். மேனிஃபோல்டுக்கும் ஃபயர்வாலுக்கும் (இன்ஜின் அறைக்குப் பின்னால் இருக்கிற தடுப்புத் தகடு) நடுவே, பிசிவி ஓஸ் மேனிஃபோல்டில் சேருகிற வளைந்த ரப்பர் எல்போ. மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கிறது. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை அடியில் விட்டு டார்ச் அடித்தால், வளைவின் கீழ்ப்பக்கம் நீளமாக ஒரு வெடிப்பு, அதிலிருந்து நுரை குமிழ் குமிழாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பிசிவி ஓஸை மடக்கியபோது இது ஏன் பிடிபடவில்லை என்பதும் அங்கே நின்றதுமே விளங்கியது. நான் மடக்கியது நடுவில், வெடிப்பு அதற்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில். மடக்கிய இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் எத்தனை முறை மடக்கினாலும் தெரியாது. டியூபை மடக்கிச் சோதிக்கிறவர்கள் மேனிஃபோல்டை ஒட்டி, முடிந்த அளவு கடைசியில் மடக்க வேண்டும். அங்கே பிளேயர் நுழையாது என்றால் டியூபைப் பிடுங்கிவிட்டு அந்த மூக்கையே ரப்பர் மூடியால் அடைத்துப் பார்க்க வேண்டும்.

எல்போவைக் கழற்றிக் கையில் பிடித்தபோது ஆயில் ஆவி பட்டு உள்பக்கம் ஊறிக் கொழகொழவென்று இருந்தது, வெளிப்பக்கம் சூட்டில் வறண்டு பாளம் பாளமாக வெடித்திருந்தது. லேசாக வளைத்தால் வெடிப்பு வாயைத் திறந்தது. இருபது வயது ரப்பர், இதற்கு மேல் அதைக் கேட்கக் கூடாது.

கிருஷ்ணகிரியில் கடைகளில் நேரான ஓஸ்தான் கிடைத்தது. நேரான ஓஸை அந்த வளைவில் திணித்தால் மடிந்து அடைத்துக்கொள்ளும், பிசிவி அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் கூடி ஆயில் சீல் கசியும். ஒரு கோளாறை எடுத்து இன்னொன்றை வைக்க மனமில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் அதே வடிவத்தில் வார்த்த எல்போ கிடைத்தது, கூடவே பிசிவி வால்வும் அது உட்காருகிற ரப்பர் குரோமெட்டும் வாங்கிக்கொண்டேன். பழைய வால்வைக் குலுக்கினால் உள்ளே சத்தம் வந்தது, கெட்டுப்போகவில்லை, இருந்தாலும் குரோமெட் கல் மாதிரி இறுகியிருந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்றச் சொன்னவர்கள் உண்டு. அந்தப் பசை ஆயில் சூட்டில் உருகி வழியும், ஊர் போய்ச் சேரவும் அதை நம்ப முடியாது. கையோடு இன்ஜெக்டர் பக்கத்துப் பெட்ரோல் டியூப்களையும் பார்த்து, தடித்திருந்த ஒரு துண்டை எத்தனால் தாங்குகிற ரகத்தில் மாற்றினேன். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டது, இந்த வயது வண்டியின் ரப்பர்கள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல.

எல்லாம் மாட்டி செல்ஃப் எடுத்ததும் இன்ஜின் பிடித்தது, சூடானதும் ஆட்டம் இல்லை, ஆனால் ஆக்சிலேட்டரை விட்டால் 500 வரை விழுந்து ஆஃப் ஆகப் பார்த்தது. இங்கேதான் பலர் "மாற்றியும் சரியாகவில்லை" என்று மனம் உடைந்துபோகிறார்கள். லீக் இருந்த காலமெல்லாம் ஈசியூ ஐஏசியை முழுக்க மூடியே வைத்துப் பழகி, அந்தப் பழக்கத்தை நினைவிலும் வைத்திருந்தது. லீக் போனதும் இப்போது காற்று பற்றவில்லை. அதோடு தட்டின் ஓரத்திலும் ஐஏசி பாதையிலும் கரி படிந்திருந்தது. த்ராட்டில் க்ளீனரைத் துணியில் நனைத்து தட்டையும் சுவரையும் துடைத்தேன், ஐஏசியைக் கழற்றி முனையை மட்டும் துடைத்தேன், மோட்டார் பகுதியில் ஒரு சொட்டும் படாமல். பேட்டரி நெகட்டிவ்வைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்து மாட்டினேன். பிறகு எதையும் தொடாமல் ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தரம் ஓடி நிற்கும் வரை ஐடிலில் விட்டேன், அப்புறம் ஏசியைப் போட்டுக் கொஞ்ச நேரம். முள் 850க்கு வந்து அங்கேயே நின்றது.

விரல் சோதனையைத் திரும்பச் செய்தேன். ஐஏசி ஓட்டையை அடைத்ததும் இன்ஜின் திணறி ஆஃப் ஆனது. சரியாக வேண்டியது அதுதான். வேக்குவம் கேஜ் முள் 18ல் அசையாமல் இருந்தது. தருமபுரி வழியாகத் தொப்பூர் வரை ஓட்டிப் போய், கணவாயில் மூன்றாவது கியரில் இறங்கி, கீழே லாரிகளுக்குப் பின்னால் க்ளட்சை மிதித்து நிறுத்தினேன். 850க்கு இறங்கியது, விழவும் இல்லை, ஏறவும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏசி கம்ப்ரசர் சேரும் அந்த நொடியில் ஆர்பிஎம் 700 வரை தாழ்ந்துவிட்டுத்தான் 900க்கு எழுகிறது, ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன அதிர்வு தெரிகிறது. ஐஏசிக்கு ஏசி சிக்னல் போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், போகிறது. முன்பக்க இன்ஜின் மவுன்ட் ரப்பரில் வெடிப்பு இருக்கிறது, அடுத்து அதைத்தான் கழற்றப் போகிறேன்.